புலம், கரு, பேரண்டம்: இயற்பியல் வரையறைகளும் தமிழும்

(புதுச்சேரியில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழன்பர் கூடிய அவையில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். எனக்கு இடப்பெற்ற தலைப்பு, புலம், அணுக்கரு, பேரண்டம் ஆகிய மூன்று துறைகளின் அடிப்படை வரையறைகள் என்பது. இதனை நான் விரும்பி ஏற்றேன். அதற்குக் கரணியம் உண்டு. நாம் நெடுங்காலமாகக் கலைச்சொற்களுக்காகப் போராடி வந்திருக்கிறோம். விஞ்ஞானத்தை அறிவியல் ஆக்கினோம். பௌதிகத்தை இயற்பியல் ஆக்கினோம். பிரபஞ்சத்தைப் பேரண்டம் ஆக்கினோம். அவ்வெற்றி சிறிதன்று. ஆனால் சொல் வேறு, வரையறை வேறு. சொல் என்பது நிலத்தின் பெயர். வரையறை என்பது அந்நிலத்தின் நான்கு மூலையிலும் நட்ட எல்லைக்கல். பெயர் மட்டும் வைத்துக்கொண்டு எல்லைக்கல் நடாதவனுடைய நிலம் எந்நாளும் வழக்கில்தான் இருக்கும்.

இதற்கு ஒரு சான்று இந்த ஊரிலேயே உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

கியோம் இலெ சாந்தி என்னும் பிரெஞ்சு வானியலார், வெள்ளிக் கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக 1760இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். 1761இல் அவர் ஏறிவந்த கப்பல் மாகி அருகே வந்தபோது, மாகியும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட செய்தி கிடைத்தது. அவ்வாண்டு சூன் 6ஆம் நாள் வெள்ளி ஞாயிற்றைக் கடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளவை எங்ஙனம் எடுப்பது? அடுத்த கடப்பு எட்டாண்டுகள் கழித்து வரும் என்பதால், ஊர் திரும்பாமல் இந்துமாக்கடற் பகுதியிலேயே தங்கினார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டை இடிபாட்டின்மீது வான்காட்சியகம் அமைத்துக் காத்திருந்தார். 1769 சூன் 4ஆம் நாள் காலை முகில் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பின்னரே ஞாயிறு வெளிப்பட்டது. பதினோராண்டு கழித்து 1771இல் பிரான்சு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கொண்டு உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

இக்கதை பலர் அறிந்ததே. அறியாத பகுதி இனிமேல்தான். புதுச்சேரியில் காத்திருந்த காலத்தில் அவர் தமிழ்க் கணியர் ஒருவரிடம் நிலா மறைப்பைக் கணிக்கும் முறையைக் கற்றார். தாளில்லை, எழுதுகோலில்லை, சோழிகளைப் பரப்பி வைத்து அக்கணியர்கள் கணித்தனர். 1765 ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த நிலா மறைப்பின் கால அளவை இலெ சாந்தி அம்முறையால் கணித்துப் பார்த்தார். தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவாக இருந்தது. அற்றை ஐரோப்பாவில் சிறந்ததென மதிக்கப்பெற்ற தொபியாசு மேயரின் பட்டியல் 68 நொடி மிகுதியாக இருந்தது. சோழி வென்றது என்றே சொல்லலாம். கைதட்ட வேண்டா, இன்னும் கேளுங்கள்.

ஐம்பதாண்டுகளுக்குப் பின், 1825இல் வெளிவந்த தம் நூலில் வாரன் என்பவர் புதுச்சேரியில் வாழ்ந்த மற்றொரு கணியரைப் பற்றி எழுதினார். அவரும் நிலத்தில் சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்தே மறைப்பைக் கணித்துக் காட்டினார். ஆயினும் அக்கணக்கின் பின்னுள்ள கொள்கையில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது என்று வாரன் குறித்திருக்கிறார். அவர் மனத்தில் இருந்தவை, எழுத்துகள் எண்களைக் குறிக்கும்படி கோக்கப்பெற்ற வாய்பாட்டுத் தொடர்கள். அவ்வகை வாக்கியங்கள் வடமொழியில் அமைந்தவை. அத்தொடர்களுக்கு ஏதோ ஒரு பொருள் உண்டு. ஆனால் அப்பொருளுக்கும் நிலாவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நிலாவின் வழி யாது, நிழல் யாது, முடிச்சு யாது என்னும் வரையறைகள் அவர் பேசும் மொழியில் அவருக்குச் சொல்லப்படவில்லை. வரையறையற்ற கணக்கைப் பிழை கண்டபோது திருத்த இயலாது. புதிய அளவை வந்தபோது வளர்க்கவும் இயலாது. அவ்வாறே அது வளராமல் நின்றது. மேயரின் பட்டியலோ, பிழைபட்டதாயினும், அடுத்தடுத்துத் திருத்தப்பெற்று வளர்ந்தது. நம் முன்னோர் பெருமை பேசும்போது முதற்பாதியை மட்டும் சொல்லி நிறுத்துவது நமக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டாம் பாதியிலேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

இனித் தலைப்புக்கு வருகிறேன். முதலில் புலம்.

ஆங்கிலத்தில் வயலைக் குறிக்கும் சொல்லையே மைக்கேல் பாரடே 1845இல் காந்தத்திற்கு ஆண்டார். பிரெஞ்சிலும் வயலைக் குறிக்கும் சொல்லே. புதுச்சேரி முதியோர் அதனை நன்கறிவர். தமிழில் புலம் என்பதும் விளைநிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லே. அத்துடன் ஐம்புலன் என்னுமிடத்து உணரப்படுவதையும் அது குறிக்கும். ஆகவே இச்சொல் நமக்கு நன்கு வாய்த்தது. ஆனால் வரையறை யாது? ஒரு பொருளைச் சூழ்ந்த இடத்தில், ஒவ்வொரு புள்ளியிலும், அங்கு வைக்கப்பெறும் மற்றொரு பொருளின்மீது எவ்வளவு விசை எத்திசையில் தொழிற்படும் என்பது தீர்மானமாகியிருக்குமானால், அவ்விடத்தில் புலம் உளது என்போம். புலச்செறிவு என்பது ஓரலகுப் பொருள் மீது தொழிற்படும் விசை. ஈர்ப்புப் புலமாயின் ஒரு கிலோகிராமுக்கு இத்தனை நியூட்டன். மின்புலமாயின் ஒரு கூலூமுக்கு இத்தனை நியூட்டன். நாம் அமர்ந்திருக்கும் இவ்விடத்தில் ஈர்ப்புப் புலச்செறிவு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 9.8 நியூட்டன், கீழ்நோக்கி. நிலாவின் தரையில் 1.6. எவ்வளவு, எத்திசை, எந்த அலகு என்னும் மூன்றுக்கும் விடை தந்தால்தான் அது வரையறை. 'காந்தத்தின் ஆற்றல் பரவியுள்ள இடம் காந்தப்புலம்' என்று மாணவர் எழுதி மதிப்பெண் பெறுகின்றனரே, அதில் இம்மூன்றும் இல்லை. அது விளக்கம்; வரையறையாகாது.

இங்கு ஒரு பெருஞ்சிக்கல் உளது. 'ஒரு கிலோகிராமுக்கு' என்றேன். ஒரு கிலோகிராம் எது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனை நிறை என்னும்; புவி அதனை இழுக்கும் விசையை எடை என்னும். பாக்கு நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றால், கிலோகிராமில் அளப்பது திணிவு. புவி இழுக்கும் விசையே நிறை! 60 கிலோகிராம் உடையவன் நிலாவுக்குப் போனால் அவன் நிறை குறையுமா என்று கேளுங்கள். மதுரை மாணவன் குறையாது என்பான். யாழ்ப்பாண மாணவன் ஆறில் ஒன்றாகக் குறையும் என்பான். இருவரும் சரியாகவே விடை சொல்கின்றனர். ஒரே மொழி, ஒரே எழுத்து, ஒரே சொல், எதிரெதிரான பொருள். ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசும் நாடுகளில் இதைப் பொறுப்பார்களா?

நிற்க. விசையைச் சொன்னோம், வேலையைச் சொல்லவில்லை. எட்டாத் தொலைவிலிருந்து ஓரலகுப் பொருளைப் புலத்தின் ஒரு புள்ளிக்குக் கொண்டுவர ஆகும் வேலை, அப்புள்ளியின் அழுத்தம் எனப்பெறும். ஈழத்தார் இதற்கு அழுத்தம் என்றும், காற்றும் நீரும் பரப்பின்மீது அமுக்குவதற்கு அமுக்கம் என்றும் இரு சொற்களைத் தெளிவாகப் பிரித்தனர். நாம் இவ்விரண்டிற்கும் அழுத்தத்தையே வைத்து, மின்னோடு வருவதை மின்னழுத்தம் என்று ஒட்டுப்போட்டோம். இதில் ஈழத்தார் வழியே செவ்விது என்பது என் துணிபு. மருத்துவத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் கற்பித்த மண் அது. அவர்களிடம் கற்றுக்கொள்வதில் நமக்குத் தாழ்வில்லை.

இரண்டாவது, அணுக்கரு. அணுவின் நடுவே அதன் பொருண்மை முழுதும் ஏறக்குறையத் திரண்டிருப்பதை இரூதர்போர்டு 1911இல் கண்டார். நிறை, திணிவு என்னும் பூசலுக்குள் இனியும் சிக்காமல், இவ்வுரையில் பொருண்மை என்றே வழங்குகிறேன். பிரெஞ்சுமொழி இக்கருவைப் பழத்தின் கொட்டை என்று அழைத்தது. நாம் கரு என்றோம். கரு என்பது வளர்வதற்குரிய முதல். கொட்டையினும் கரு பொருத்தமானது என்று எனக்குத் தோன்றும், ஏனெனில் ஒரு தனிமம் எது என்பதை முடிவு செய்வது அதுவே. அளவைப் பாருங்கள். அணுவின் குறுக்களவு ஒரு மீட்டரைக் கோடியால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தது. கரு அதனினும் பல்லாயிரம் மடங்கு சிறிது.

கருவியலில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பெறும் வரையறை பிணைப்பாற்றல். சொல்லைக் கேட்டவுடன், கருவுக்குள் அடைத்துவைத்த ஆற்றல் என்று மாணவர் கருதுவர். உண்மை அதற்கு நேர்மாறு. ஈலியத்தின் கருவில் நேர்மின்னி இரண்டு, நொதுமி இரண்டு. தனித்தனியே இந்நான்கின் பொருண்மையைக் கூட்டினால் 4.0319 அணுப் பொருண்மை அலகு. நான்கும் சேர்ந்த கருவை நிறுத்தால் 4.0015 மட்டுமே. மீதி 0.0304 எங்கே? நான்கும் ஒன்றுசேர்ந்தபோது ஆற்றலாக வெளியேறிவிட்டது. அதன் அளவு 28.3 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஆகவே பிணைப்பாற்றல் என்பது கருவிடம் இல்லாத ஆற்றல். கருவை மீண்டும் நான்காகப் பிரிக்க வேண்டுமானால் வெளியிலிருந்து நாம் செலுத்த வேண்டிய ஆற்றல் என்று வரையறுப்பதே முறை. ஞாயிறு ஒளிர்வது இந்த இழப்பினால்தான்.

அடுத்தது அரைவாழ்வு. ஒரு கதிரியக்கப் பொருளில் உள்ள கருக்களுள் பாதி சிதைவதற்கு ஆகும் காலமே அரைவாழ்வு. அது முழு வாழ்வின் பாதி அன்று. இரண்டு அரைவாழ்வு கடந்தால் ஒன்றும் எஞ்சாது என்று எண்ணுவோர் படித்தவருள்ளும் பலர். இரண்டு கடந்தால் காற்பங்கு எஞ்சும். மூன்று கடந்தால் அரைக்காற்பங்கு. பத்துக் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வரையறையின்மேல் நம் இனத்தின் அகவையே நிற்கிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தபோது மகிழாத தமிழர் இல்லை. அது எப்படித் தெரிந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? கரிமம்-14இன் அரைவாழ்வு 5730 ஆண்டு. மரம் உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து அதனைப் பெறும், பட்டபின் பெறாது. 2600 ஆண்டு என்பது அரைவாழ்வில் பாதிக்கும் சற்றுக் குறைவு; எனவே தொடக்கத்தில் இருந்த கரிமம்-14இல் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பங்கு இன்னும் இருக்கும். அதனை எண்ணித்தான் காலத்தைச் சொன்னார்கள். ஐயுறுவோரிடம் உணர்ச்சியாற் பேசுவதைவிட இந்த 73ஐ எடுத்துக்காட்டுவது மேல்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. நம் ஊருக்கு வடமேற்கே திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் இடந்தான். அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமை உடையன என்பர் நிலவியலார். அம்மரத்துக்குக் கரிமக் கணக்கு உதவாது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரைவாழ்வுகள் கடந்துவிட்டன. எண்ணுவதற்கு ஓர் அணுவும் எஞ்சியிராது. ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு வேறு கடிகாரம் வேண்டும். குமரிக்கரையில் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள தோரியத்தின் அரைவாழ்வு 1400 கோடி ஆண்டு. பேரண்டத்தின் அகவையினும் அது மிகுதி.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கதிரியக்கம் வேறு, கதிர்வீச்சு வேறு. கரு தானே சிதைந்து கதிரை உமிழும் பண்பு கதிரியக்கம். மேரி கியூரியும் அவர் கணவரும் 1898இல் இட்ட பெயரின் தமிழாக்கம். கதிர்வீச்சு என்பது வெளிவரும் கதிர். விளக்கின் ஒளியும் கதிர்வீச்சே. மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர் கதிர்வீச்சுக்கு ஆட்பட்டார்; அவர் உடல் கதிரியக்கமுடையதாகிவிடவில்லை. சீசியம்-137 கலந்த தூசு உடலிற் படிந்தவரோ கதிரியக்கப் பொருளையே சுமக்கிறார், கழுவியாக வேண்டும். அதன் அரைவாழ்வு 30 ஆண்டு. அயோடின்-131க்கு 8 நாள். பெக்கரல் என்னும் அலகு நொடிக்கு எத்தனை கரு சிதைகிறது என்பதைச் சொல்லும். சீவர்ட்டு என்னும் அலகு உடலுக்கு எவ்வளவு தீங்கு என்பதைச் சொல்லும். கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின்னாக்கம் நடந்து வருகிறது. 2011இல் புகுசிமா நேர்ச்சிக்குப் பின் கூடங்குளத்தைப் பற்றி எழுந்த பெருஞ்சொற்போரில் இவ்விரு சொற்களையும் ஒன்றற்கு மற்றொன்றாக எழுதிய செய்தித்தாள்களே மிகுதி. உலை வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் இதனையேனும் ஒரே பொருளில் ஆண்டிருந்தால், கடற்கரை மக்களுக்குத் தம் கேள்வியைச் சரியாகக் கேட்கும் வாய்ப்பேனும் கிட்டியிருக்கும். எந்த அலகில் எவ்வளவு என்று கேட்கத் தெரியாதவனுக்கு எவர் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விடையாகச் சொல்லலாம்.

மூன்றாவது, அண்டவியல். புடவியியல் என்பாரும் உளர், பூசல் வேண்டா.

இலெ சாந்தி இங்கு வந்தது எதை அளப்பதற்கு? புவிக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள தொலைவை. உலகின் பல இடங்களிலிருந்து வெள்ளிக் கடப்பை ஒரே நாளில் நோக்கினால், ஒவ்வோரிடத்திலும் அதன் தடம் சற்றே விலகித் தோன்றும். அவ்விலகலிலிருந்து தொலைவைக் கணிக்கலாம் என்று ஆலி என்னும் ஆங்கிலேயர் 1716இல் வழிகாட்டியிருந்தார். புதுச்சேரி அளவை முகிலாற் கெட்டது. பிற இடங்களின் அளவைகளைக் கொண்டு இலாலாந்து 1771இல் 15.3 கோடி கிலோமீட்டர் என்று முடிவு கண்டார். இன்று நாம் அறிவது 14.96 கோடி. 2012இல் பன்னாட்டு வானியலார் கூடி, இதனை அளந்து காணும் எண்ணாக விடாமல், 14,95,97,870.7 கிலோமீட்டர் என்று வரையறுத்தே விட்டனர். இதுவே வானியல் அலகு. இந்த ஓர் அலகு ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்குக் கோணமாகத் தோன்றும் தொலைவுக்குப் பார்செக்கு என்று பெயர்; அது 3.26 ஒளியாண்டு. விண்மீன்களின் தொலைவெல்லாம் இப்படிக்கட்டில் ஏறித்தான் அளக்கப்பெற்றன.

ஒளியாண்டு என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'பல ஒளியாண்டுகளுக்கு முன்பே தமிழன்' என்று மேடைகளில் முழங்குவாரைக் கேட்டிருப்பீர்கள். ஒளியாண்டு காலமன்று, தொலைவு: ஒளி ஓராண்டில் செல்லும் 9,46,000 கோடி கிலோமீட்டர். தமிழின் பழமையைக் கிலோமீட்டரில் அளக்க வேண்டா.

விண்மீன் திரள்கள் நம்மைவிட்டு விலகுவதை எங்ஙனம் அறிகிறோம்? செம்பெயர்ச்சியால். வந்து சேர்ந்த ஒளியின் அலைநீளத்திலிருந்து புறப்பட்டபோது இருந்த அலைநீளத்தைக் கழித்து, புறப்பட்ட அலைநீளத்தால் வகுத்த ஈவே செம்பெயர்ச்சி. நீரகத்தின் செந்நிற வரி 656.3 நானோமீட்டர். தொலைவிலுள்ள திரளொன்றிலிருந்து அது 721.9 ஆக வந்தால், செம்பெயர்ச்சி 0.1. அலகே இல்லாத வெறும் எண். தொலைவு மிக மிக விலகும் விரைவும் மிகுகிறது என்று எட்வின் அபிள் 1929இல் காட்டினார். அவ்விகிதத்தை அளக்கும் இருவேறு வழிகள் இன்றும் 67 என்றும் 73 என்றும் இரு விடை தருகின்றன: ஒரு மெகா பார்செக்குக்கு, நொடிக்கு அத்தனை கிலோமீட்டர். அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. நம் கல்லூரி மாணவர்கள் தமிழில் எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி இது. விடை எழுதப்பட்ட நூல் எம்மொழியிலும் இல்லை.

பெருவெடிப்பு என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். பிரெட்டு ஓயில் என்னும் ஆங்கில அறிஞர், தாம் ஏற்காத கொள்கைக்கு 1949இல் வானொலியில் இட்ட பெயர் அது. நாம் அப்படியே பெயர்த்துக்கொண்டோம். 'வெடித்த இடம் எது?' என்று சிறுவர்கள் கேட்கிறார்கள். சொல் அப்படிக் கேட்க வைக்கிறது. வெடித்த இடம் என்று ஒன்று இல்லை. முன்பே இருந்த வெற்றிடத்துக்குள் பொருள் சிதறவில்லை. இடமே எல்லாப் பக்கமும் விரிந்தது, விரிகிறது. ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரண்டம் மிகச் செறிந்து மிக வெம்மையாக இருந்த நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்பதே வரையறை. பெருவிரிவு என்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சொல் வேரூன்றிவிட்டது, பிடுங்க முடியாது. வரையறையையாவது நேராகச் சொல்லிக் கொடுப்போம். வேற்றுமொழிச் சொல்லைத் தள்ளிவிட்டு அம்மொழியின் பிழையை மட்டும் வைத்துக்கொள்வது தனித்தமிழ் ஆகுமா?

சென்னையில் படித்து, 19 அகவையில் கப்பலேறிய சந்திரசேகர் கண்ட எல்லையையும் சொல்லி இப்பகுதியை முடிக்கிறேன். வெண்குறுமீன் ஒன்று தன் ஈர்ப்பினால் நொறுங்கிவிடாமல் நிற்கக்கூடிய உச்சப் பொருண்மை, நம் ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் பள்ளிகளில் இவ்வொரு தொடரைத் தமிழில் சொல்ல வல்ல மாணவர் எத்தனை பேர் என்று ஆசிரியர்கள் எண்ணிச் சொல்லட்டும்.

ஏன் இவற்றையெல்லாம் இன்று, இந்த ஊரில் சொல்ல வேண்டும்? புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பின்பற்றின. மேனிலை வகுப்பு இயற்பியல் நூல் தமிழில் கிடைத்தது. 2023 முதலாக அப்பள்ளிகள் நடுவணரசுப் பாடத்திட்டத்துக்கு மாறின. அப்பாடத்திட்டத்தின் இயற்பியல் நூல் ஆங்கிலத்தில் உண்டு, இந்தியில் உண்டு, உருதுவில் உண்டு; தமிழில் இல்லை. அந்நூலைக் குறைகூற நான் வரவில்லை. நூல் நல்ல நூலே. ஆனால் முத்தியால்பேட்டையிலும் பாகூரிலும் தமிழில் மட்டுமே எண்ணத் தெரிந்த பிள்ளை, புலத்தின் வரையறையை அயல்மொழியில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும்போது, சோழி அடுக்கிய அக்கணியரின் நிலையில்தானே நிற்கிறது? விடை சரியாக வரும். மதிப்பெண்ணும் வரும்.

அரசு நூல் எழுதித் தரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. மேனிலை இயற்பியலுக்கு ஏறத்தாழ இருநூறு வரையறைகள் போதும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி; அலகு கட்டாயம்; ஓர் எண்ணாவது இருக்க வேண்டும்; நம் மண்ணிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஈழத்துச் சொல் வேறாயின் அதனையும் பக்கத்திலேயே எழுதுக. நிறை என்னும் சொல் வருமிடமெல்லாம் எந்தப் பொருளில் வந்தது என்பதைக் குறிக்காமல் விடவேண்டா. புலத்தைப் பற்றிய முதல் இருபதை எழுதிக் கொணர்ந்திருக்கிறேன். படிகள் வாயிலருகே உள்ளன. இயற்பியலாசிரியர்கள் எடுத்துச் சென்று, பிழையிருப்பின் சிவப்பு மையால் திருத்தி அடுத்த திங்கட் கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு வேண்டுகிறேன். கருவியலை எழுத இருவர் முன்வந்துள்ளனர். அண்டவியலுக்கு இன்னும் ஆள் வேண்டும்.